நாற்பத்திரண்டாம் நம்பர் பூட்ஸ்

முத்தியால்பேட்டை அமிர்தவல்லி கால்பந்து ஆட வந்ததற்குக் காரணம் ஒரு தந்தி. எழுபத்தாறாம் வருஷம், வடக்கே எங்கோ பெண்களுக்கான தேசியப் போட்டி நடக்கிறது, புதுச்சேரி அணியை உடனே அனுப்பவும் என்று கால்பந்துச் சங்கத்துக்குத் தந்தி வந்தது. அனுப்புவதில் சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை. அணி என்று ஒன்று இல்லாததுதான் சின்னக் குறை. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயங்களில் ஜெயித்த பெண்களாகப் பார்த்து ஒரே வாரத்தில் பதினோரு பேரைப் பிடித்தார்கள். நூறு மீட்டரில் எல்லாரையும் பின்னால் விட்டு ஓடிய பதினாறு வயது அமிர்தவல்லியை, பந்து முன்னால் போனால் இவளும் முன்னால் போவாள் என்ற ஆழ்ந்த ஆராய்ச்சியின் பேரில் ஃபார்வர்டாகப் போட்டார்கள்.

வயசுப் பெண் அரை டவுசர் போட்டுக்கொண்டு ஓடுவதா என்று தெருவே கவலைப்பட்டது. அவள் சாப்பிட்டாளா என்று அந்தத் தெரு அதற்கு முன் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. அவள் அப்பா பக்கிரி மில்லில் தறி ஓட்டுகிறவர், பேச்சுக் குறைவு.

"ஓடுறது அவ காலு. ஊருக்கு எங்க வலிக்குது?" என்று மட்டும் கேட்டார்.

சங்கத் தலைவர் தேவதாஸ், பிரெஞ்சு மரியாதைப்படி ஊருக்கெல்லாம் முசியே. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் சிப்பாய், ஊர்ப் பேச்சில் சொல்தா. மர்சேய் நகரத்தில் ஒரு முழு மேட்ச்சைக் கண்ணால் பார்த்தவர், அதனால் வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை. பெண்களுக்குப் பூட்ஸ் வாங்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். ஆர்டர் தாளில் அளவு எழுத ஒரு கட்டம் இருந்தது. பெண் பிள்ளைகளின் காலை அளந்து பார்ப்பது கண்ணியமில்லை என்று கருதியவர், தனக்குத் தெரிந்த ஒரே அளவை, அதாவது தன் காலின் நாற்பத்திரண்டை, பதினோரு தடவை எழுதிவிட்டார்.

மற்ற பெண்கள் பழந்துணியைத் திணித்துக்கொண்டு சமாளித்தார்கள். அமிர்தவல்லியும் போட்டுப் பார்த்தாள். மூன்றாவது அடியில் பூட்ஸ் நின்றுவிட்டது, அவள் போய்விட்டாள். அதிலிருந்து வெறுங்கால்தான். அந்தப் பூட்ஸை வீட்டுப் பரணில் போட்டு வைத்தாள்.

முதல் போட்டியில் மூன்று ஆட்டம், வாங்கியது பதினாலு கோல், போட்டது ஒன்று. அந்த ஒன்றை அவள் அடித்தபோது எதிரணிப் பெண்ணின் பூட்ஸ் அவள் வலது காலில் இறங்கியது. இரண்டாவது விரல் முறிந்து, கட்டை விரல்மேல் சாய்ந்தபடியே கூடிக்கொண்டது.

ஊர் திரும்பியதும் குரூப் போட்டோ. சங்கத்தில் நிர்வாகிகள் பதினாலு பேர். பந்திக்கு முந்தி, படைக்குப் பிந்தி என்பதை வேத வாக்காகக் கொண்டவர்கள். பதினாலு நாற்காலியும் முன்னால் நிறைந்தன. ஆடிய பெண்கள் பின்னால் நின்றார்கள். தலைவர் கழுத்தில் தேருக்குப் போடுகிற பருமனில் மாலை. அமிர்தவல்லி அதற்கு நேர் பின்னால், குள்ளம் வேறு. படம் கழுவி வந்தபோது அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ரோஜாப்பூ இருந்தது. கீழே, இரண்டு நாற்காலிக் கால்களுக்கு நடுவே ஒரு வெறுங்கால் மட்டும் தெரிந்தது, சாய்ந்த விரலோடு. பக்கத்தில் தலைவரின் பளபளக்கும் ஷூ. அவள் சிரித்துக்கொண்டே ஒரு பிரதி வாங்கி வைத்தாள்.

ஆறு வருஷம் ஆடினாள். பதினேழு கோல். சான்றிதழ் கேட்டபோதெல்லாம் அச்சில் இருக்கிறது என்றார்கள். அவ்வளவு காலம் அச்சில் இருந்தால் கல்வெட்டே தேய்ந்துபோகும்.

எண்பத்திரண்டில் மில்லை மூடினார்கள். பக்கிரி காலையில் மில் சங்கு ஊதுகிற நேரத்துக்கு எழுந்து, ஊதாத சங்கைக் கேட்டபடி வாசலில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு அலுவலகத்துக்கு அட்டெண்டர் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அணியில் ஆடியதற்கு அத்தாட்சி வேண்டும். கூட ஆடியவர்கள் கல்யாணமாகித் திசைக்கொருத்தியாகப் போயிருந்தார்கள். அவளிடம் இருந்தது அந்தப் போட்டோ ஒன்றுதான்.

நேர்காணலில் செல்வாம்பாள் என்கிற அதிகாரி அம்மாவும், விளையாட்டு தெரிந்தவர் என்ற முறையில் முசியே தேவதாஸும் உட்கார்ந்திருந்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. முசியேவின் மச்சினி மகளும் அதே வேலைக்கு மனுப் போட்டிருந்தது தற்செயல்தான். அவருக்கு மர்சேயில் பார்த்த கோல்கீப்பரின் பெயர் நினைவிருந்தது, அமிர்தவல்லியை நினைவில்லை.

அவள் போட்டோவை மேசையில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை முன்னால் நீட்டி வைத்தாள். செல்வாம்பாள் போட்டோவை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, குனிந்து, படத்து விரலையும் தரையில் இருந்த விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க சங்கத்துல எல்லாருக்கும் பூட்ஸ் குடுத்தோம். வெறுங்காலோட நிக்கிறது எங்க டீம் பொண்ணே கெடையாது," என்றார் முசியே.

அமிர்தவல்லிக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவரை நினைத்துக்கொண்டு, கொண்டுவந்த மஞ்சள் பையை மெதுவாகத்தான் திறந்தாள். ஆறு வருஷமாகியும் ஆணி தேயாத பூட்ஸைத் துடைத்து அவர் எதிரில் வைத்தாள்.

"குடுத்தீங்க முசியே. இல்லன்னு சொல்லல. நீங்களே போட்டுப் பாருங்க, உங்க காலுக்குக் கச்சிதமா இருக்கும்."

செல்வாம்பாள் முசியேவின் காலைப் பார்த்தார். முசியே காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். போட்டுப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

வேலை கிடைத்தது. ஃபைல் தூக்குவது, தேநீர் வாங்கி வருவது, விழாக்களுக்கு நாற்காலி போடுவது. பதினேழு கோல் அடித்தவளுக்கு அரசாங்கம் கொடுத்த பதவி அது. முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வேட்டி வாங்கினாள். பக்கிரி அதைக் கட்டிக்கொண்டு அந்தத் தெருவில் நாலு தடவை காரணமில்லாமல் நடந்தார்.

எண்பத்தைந்தில் புதுசாய் ஒரு பெண்கள் அணி கிளம்பியது. குரூப் போட்டோவுக்கு நாற்காலி போட அமிர்தவல்லியைத்தான் கூப்பிட்டார்கள். பதினாலையும் பின்வரிசையில் போட்டாள். கழுத்தில் மாலையோடு வந்த முசியே, நாற்காலி ஏன் அங்கே போகிறது என்று கேட்டார்.

"முன்னால வெயிலு முசியே. உங்களுக்கு ஆவாது," என்றாள்.

பெண்கள் முன்னால் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தார்கள். கேமராக்காரர் கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொள்ளும் முன், அமிர்தவல்லி வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, ஒவ்வொருத்தியின் பூட்ஸ் முனையையும் கைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். பதினோராவது பெண்ணின் பூட்ஸ் முனை உள்ளே காலியாக இருந்தது, விரல் அதுவரை எட்டவில்லை.

"கழட்டுடி," என்றாள். "படத்துல உன் காலு தெரியட்டும்."