ஒரு நாளைக்கு முப்பது வாக்கியம்

போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். மாமா நம்பரிலிருந்து கால். "ஹலோ... மாமா?" என்றேன். பதில் இல்லை. வெறும் மூச்சுச் சத்தம். பையில் கை பட்டு வந்த கால் என்று நினைத்து வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. கட் செய்தேன்.

கூப்பிட்டது மாமா இல்லை. அவர் மனைவி, என் அக்கா.

அக்கா தேசம்மா, சுண்ணாம்புக்குளம் பக்கம் ஏரிக்கரையில் மீன் ஏலம் விடுகிறவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஏலக்காரிக்குக் குரல் போனால் என்ன மிச்சம்?

நான்தான் அவள் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தேன். டைப் அடித்தால் பெண் குரலில் அதுவே பேசும். கூடவே ஒரு சின்ன ஸ்பீக்கர். "ஃப்ரீதான்க்கா!" என்றேன். கரையில் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அந்தக் குரலுக்கே இறாலை ஏலம் கேட்டார்கள். யாருக்காவது போன் பேச வேண்டுமென்றால், மாமா போனில் கால் போட்டு, பக்கத்தில் ஸ்பீக்கரை வைப்பாள்.

அப்புறம் ஒரு அப்டேட் வந்தது. இனி ஒரு நாளைக்கு முப்பது வாக்கியம்தான் இலவசம். அதற்கு மேல் சந்தா.

"இன்னாடா தம்பி, பேச்சுக்கும் ரேஷனா?" என்று அந்தக் குரலிலேயே கேட்டாள்.

"கொஞ்சம் பாத்துப் பேசுக்கா. ஊருக்கு வரும்போது என் கார்டைப் போட்டுத் தரேன்" என்றேன்.

எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. என் வேலையே அதுதானே! வேறு கம்பெனி, வேறு சாஃப்ட்வேர் — ஆனால் வழி ஒன்றுதான். முதலில் சும்மா கொடு. அது இல்லாமல் முடியாது என்ற நிலை வரட்டும். பிறகு பூட்டு. எங்கே பூட்டுவது? ரொம்ப அவசரமாகத் தேவைப்படுகிற இடத்தில். அங்கேதான் பணம் கட்டுவார்கள். இதைச் சொல்லி மீட்டிங்கில் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நல்ல பாடு, வலை நிறைய மீன். முப்பது வாக்கியமும் காலை ஏலத்திலேயே தீர்ந்துபோனது. மதியம், வலை பிரித்துக்கொண்டிருந்த மாமா அப்படியே சாய்ந்துவிட்டார். வாய் கோணியது. வலது கை தொங்கியது. அக்கா எனக்குக் கால் போட்டுவிட்டு டைப் அடித்தாள். திரையில் வந்தது — "இன்றைய அளவு முடிந்தது. தொடர்ந்து பேச, ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்."

கீழே இரண்டு பட்டன். மாதம். வருடம்.

தெருவுக்கு ஓடினாள். முதல் வீடு பூட்டு. அடுத்த வீட்டில் ஆளில்லை. ரோட்டோரம் நின்ற ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மாமா பிழைத்தார். வலது கை, கால் மீளவில்லை. பேச்சும்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். என் வேலை, அந்தப் பூட்டு, அந்தக் கைதட்டு... கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு டைப் அடித்தாள். கோபமே தெரியாத அந்த இனிமையான குரல் கேட்டது:

"ரெண்டாவது வாட்டி எதுக்குடா கட் பண்ணே?"

அங்கேயே உட்கார்ந்து வருடத் திட்டத்துக்குப் பணம் கட்டினேன். "வாழ்த்துகள்! இனி எல்லையின்றிப் பேசலாம்" என்று திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. அடுத்த மீட்டிங்கில், அவசரத்துக்காவது நாம் பூட்டாமல் விடலாமே என்றேன். நல்ல பாயின்ட் என்று குறித்துக்கொண்டார்கள். குறித்ததோடு சரி.

ஏலத்தை இப்போது வேறொருத்தி விடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். மாமாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அந்தக் குரலில் அவரிடம் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசினாள். மருந்துக் கடைக்குப் பேசினாள்.

என்னிடம் மட்டும் ஒரு வாக்கியம்கூட இல்லை.