யப்பான்காரர் விட்ட இடைவெளி

எனக்குப் பாட்டுக் கேட்கிற பழக்கம் இல்லை. கோயில் லவுட்ஸ்பீக்கர் அலறினாலே கோபம் வரும். ஆனால் போன ஆவணியில் ஒரு ஞாயிறு பின்னேரம், சரவணைக் கிராமத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில், யப்பான்காரர் ஒருவர் எழுதிய ஓர்க்கெஸ்ட்ரா இசையைப் பார்க்கக் கதிரை நுனியில் இருந்தேன். காரணம் என் தம்பி.

தம்பி நோர்வேயில் ஓர்க்கெஸ்ட்ராவில் மேளமும் மணியும் அடிக்கிறவன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அன்றைக்கு அடிக்கிறதைப் பார்த்துத்தான் எடுப்பதா, அனுப்புவதா என்று முடிவு செய்வார்களாம். "நடுவில எனக்குத் தனிய ஒரு அடி இருக்கு அக்கா. அது பிழைச்சா எல்லாம் போச்சு" என்று சொல்லியிருந்தான். "சட்டி தட்டவோ நோர்வேக்குப் போனவன்?" என்று நக்கலடித்த சொந்தக்காரரின் பிள்ளைகள் என்ன கிழித்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதை எழுதப் போனால் இது முடியாது.

இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டினார்கள். வயலின்கள் சத்தமே போடாத மாதிரித் தொடங்கின. ஒருத்தி புல்லாங்குழல் ஊதினாள். வெறும் காற்றுத்தான் வந்தது.

"உது பழுதான குழலோ?" என்றார் என் மனுசன்.

"வாயை மூடிக்கொண்டு பாருங்கோ."

பிறகு எல்லாரும் ஒன்றாக எழுப்பினார்கள் பாருங்கள், கடலுக்கு மேலே பண்ணைப் பாலத்தில் சோளகக் காற்று பஸ்ஸைத் தள்ளுகிற மாதிரி! நெஞ்சு அடித்துக்கொண்டது. இதுவல்லோ இசை என்று நினைத்த உடனே எல்லாம் நின்றது. சத்தமில்லை. ஒருவரும் அசையவில்லை.

"லைன் போயிட்டுது!" மனுசன் ஓடிப்போய் முருங்கைக் கொப்பில் கட்டியிருந்த ரூட்டரைத் தட்டினார். நான் போன் கொம்பனிக்காரரைத் தலைமுறையோடு திட்டினேன்.

"இஞ்சேர், லைற் எல்லாம் பச்சையாத்தான் எரியுது. நில்லும், அவனிட்டயே கேப்பம்."

தம்பியின் நம்பரை அழுத்தினார். மணி போகிற சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து, திரையில் அசையாமல் நின்ற தம்பி கண்ணை இமைத்தான்.

லைன் போகவில்லை. வேண்டுமென்றே சும்மா இருக்கிறார்கள். ஒரு மண்டபம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, நாங்கள் அவனுக்குப் போன் அடிக்கிறோம்!

"வையுங்கோ! வைச்சுத் துலையுங்கோ!"

பதட்டத்தில் அவருக்கு வைக்க ஏலவில்லை. நான் பறித்து நிற்பாட்டினேன். திரையில் தம்பியின் முகம் மாறவேயில்லை. பெரிய மேளத்துத் தோலின் மேல் ஒரு வெண்கலக் கிண்ணம் வைத்திருந்தான். கையைத் தூக்கினான். ஒரேயொரு அடி.

காலால் எதையோ மிதித்தான். அந்தச் சத்தம் வளைந்து வளைந்து மேலே ஏறியது. மணியா, ஆள் அழுகிறதா, சொல்லத் தெரியவில்லை. நான் எழும்பி நின்றுவிட்டேன்.

எல்லாம் முடிந்து கொஞ்ச நேரத்தில் அவனே போன் எடுத்தான்.

"அக்கா, அத்தான் எடுத்தவரோ?"

"உன்ர போன் எங்கையடா கிடந்தது?"

"உடுப்பு மாத்திற அறையில, கோட்டுக்குள்ள."

உயிர் வந்தது. "ஏன்ரா அவ்வளவு நேரம் சும்மா இருந்தனியள்?"

"அப்பிடித்தான் அக்கா எழுதியிருக்கு."

"எழுதின மனுசனுக்கு என்ர பிரஷர் தெரியாது. வேலை என்னாச்சு?"

"எடுத்திட்டாங்கள் அக்கா!"

நான் கத்திய கத்தில் அடுத்த வளவுக்காரர் வேலிக்கு வந்துவிட்டார்கள். "நானும் ஒருக்காக் கதைக்கத் தாருமன்" என்று மனுசன் கையை நீட்டினார்.

போனை நான் கொடுக்கவில்லை.