கரிசலில் வைத்த ரப்பர்

எட்டயபுரத்தில் படித்த காலத்தில் நான் டயர்ச் செருப்பு போட்டுப் பள்ளிக்குப் போனேன். பழைய லாரி டயரை வெட்டித் தைத்தது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் மகன் என் வகுப்பு. "ஏலே டயரு, காத்து எறங்கிட்டால?" என்பான். வகுப்பே சிரிக்கும். பள்ளி முடியும்வரை என் பெயர் அதுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கோவில்பட்டிப் பக்கம் ரயில்பாதை இன்ஜினீயர். ஒருநாள் அவன் வந்து நின்றான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தண்டவாளத்துக்கும் அதன் கீழுள்ள கான்கிரீட் கட்டைக்கும் நடுவே வைக்கும் ரப்பர் தகட்டை, பழைய டயரை அரைத்துச் செய்ய ஆலை போட்டிருந்தான். அப்பா சேர்த்ததெல்லாம் அதில் போயிருந்தது.

"வச்சுப் பாக்க ஒரு எடம் மட்டும் குடுங்க சார். இது நின்னுட்டா நான் பொழைச்சேன்."

நல்ல தகடு. அழுத்திப் பார்த்தேன், வெயிலில் போட்டுப் பார்த்தேன், குறையே இல்லை. அதனால்தான் இடத்தைத் தேடித் தேர்ந்தெடுத்தேன். மழைத் தண்ணீர் தேங்கும் கரிசல் பள்ளம். கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும். ஐப்பசியில் பொங்கி, ஜல்லிக்குள் சேறாக ஏறும். அங்கே எதை வைத்தாலும் பாதை அமுங்கும்.

மழை வந்தது. பாதை அமுங்கியது. தகடுகள் சேற்றோடு பிதுங்கி நின்றன. மேலதிகாரி வெளியூர்க்காரர், கரிசலின் குணம் அறியாதவர். "ரப்பர் தாங்கவில்லை" என்றேன். நம்பினார். அன்று எனக்குச் சாப்பாடு ருசித்தது. ஆலையை மூடிவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்று இன்னும் ருசித்தது. ஒரே குறை, அடித்தது யாரென்று அவனுக்குத் தெரியாது.

நான் ஓய்வு பெற்ற பிறகு பஸ் நிலையத்தில் அவனே வந்து கும்பிட்டான்.

"ரப்பர் மேல தப்பில்ல சார். மண்ணு சதி பண்ணிட்டு. நீங்களாவது எடம் குடுத்தீங்க."

"மண்ணு இல்ல. அந்த எடத்தத் தேடிப் பிடிச்சது நான். நான்தான் டயரு."

முதலில் என் காலைப் பார்த்தான். பிறகுதான் முகத்தை.

"ஏலே, நீயா? சின்னப்பயலுவ வெளாட்டுலா அது. அதுக்கா?"

"அதுக்குத்தான்."

இதைச் சொல்லத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். சொன்னதும் என் காதுக்கே கேவலமாக இருந்தது. அவனுடைய தூத்துக்குடி பஸ் வந்தது. அவன் ஏறவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான்தான் முதலில் நகர்ந்தேன்.