ரயில்வே பரீட்சைக்கு ரயிலில் போனவன்

ராஜபாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஜோயலுக்கு ரயில் பைத்தியம். செல்லமாகச் சொல்லவில்லை, கோபத்தில்தான் சொல்கிறேன். எனக்கெல்லாம் ரயில் என்பது சென்னை போய்ச் சேருவதற்கு. அவனுக்கு அது வருவதையும் போவதையும் பார்த்தாலே வயிறு நிறைந்துவிடும். படுத்துக்கிடந்தபடியே ஹாரனைக் கேட்டு, எந்த இன்ஜின், ஓட்டுகிற டிரைவர் யார் என்று சொல்லிவிடுவான். தண்டவாளத்து ஓரம் நின்று எடுத்த வீடியோக்களை யூடியூபில் போடுவான். ஊர் ஊருக்கு இருக்கிற அவனைப் போன்ற ஆட்கள் ஆகா ஓகோ என்பார்கள். அதை வைத்து உலை வைக்க முடியுமா?

உலை வைத்தவள் அவன் மனைவி ரெனிட்டா. நூல் மில்லில் நைட் ஷிஃப்ட். பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி இருமல் விடவேயில்லை. வேலையை விட்டால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விட்டால் சோற்றுக்கு வழி? அதனால்தான் ஜோயல் ரயில்வேயில் உதவி டிரைவர் வேலைக்கு எழுதினான். வயது வரம்புக்குள் அதுதான் கடைசி வாய்ப்பு. முதல் இரண்டு தேர்வையும் ஊதித் தள்ளினான். மூன்றாவது மதுரையில். அதிலும் தேறிவிட்டால் ரெனிட்டா மில்லுக்குப் போக வேண்டாம். அந்த வாரம் முழுக்க அவள் சர்ச்சிலேயே முழங்காலில் நின்றாள்.

"பஸ்ல போயிருங்க. நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டுருவான்" என்றாள் அவனிடம்.

"ரயில்வே பரீட்சைக்கு எவனாவது பஸ்ல போவானா? நாலு பேரு சிரிப்பாக."

அந்த நாலு பேர் அவனுடைய வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற ரயில் பைத்தியங்கள். அவர்களுக்குள் அப்படி ஒரு வீம்பு. கல்யாணமோ கருமாதியோ, தண்டவாளம் இருக்கிற ஊருக்கு பஸ் ஏறியவனை வருஷக்கணக்கில் கேலி பண்ணுவார்கள்.

எங்கள் தெரு கிறிஸ்டோவுக்கும் அன்றைக்கு அதே தேர்வு. இருவரும் பாசஞ்சரில் போனார்கள். வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் எதிர் வண்டிக்கு வழிவிட நிறுத்திவிட்டார்கள். ஒற்றைத் தடம், எதிர் வண்டி வராமல் அசைய முடியாது. அவசரக்காரர்கள் இறங்கி ரோட்டுக்கு ஓடினார்கள்.

"அண்ணே வாங்க, பஸ்ஸப் பிடிச்சிருவோம். பரீட்சை ஹால் கேட்டச் சாத்திட்டா உள்ள விடமாட்டாக" என்று கிறிஸ்டோ கையைப் பிடித்து இழுத்திருக்கிறான்.

"செத்த நேரம் இருலே. வாரது புது இன்ஜின். வீடியோ எடுத்துட்டுப் பொறவு போவோம்."

கிறிஸ்டோ ஓடிவிட்டான். புது இன்ஜினும் வந்தது, மெதுவாக, வெகு நேரம் கழித்து. ஜோயல் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்த வீடியோ அதுதான். தேர்வு மையத்துக்கு அவன் போனபோது கேட் பூட்டியிருந்தது. வண்டி லேட் என்று கெஞ்சியிருக்கிறான். "ரயில நம்பியா தம்பி வந்தீக?" என்றாராம் வாட்ச்மேன்.

வீட்டுக்கு வந்தவனுக்கு ரெனிட்டா கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்த்தாள், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். அவள் நாலு கத்து கத்தியிருந்தால் எனக்காவது ஆறுதலாக இருந்திருக்கும்.

அதோடு விட்டதா? ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் டூவீலர் ஸ்டாண்ட் குத்தகைக்கு வந்தது. எந்த வண்டிக்கு எம்புட்டுக் கூட்டம் வரும் என்று ஜோயலுக்குத் தெரியாததா? ரெனிட்டா அலைந்து திரிந்து எல்லாம் தயார் செய்து வைத்தாள். அவன் போய்க் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. கடைசி நாளன்று ஐயா செங்கோட்டைப் பக்கம் நின்றுகொண்டிருந்தார், டீசல் இன்ஜின் கடைசியாக ஓடுவதைப் படம்பிடிக்க. போனை எடுக்கவில்லை.

"ரிங் சத்தம் வீடியோல விழுந்துரும்னு சைலன்ட்ல போட்டிருந்தேன்" என்றான். ஓங்கி ஒன்று விடலாமா என்று வந்தது எனக்கு. குத்தகை எடுத்தவர் லாரி ஆபீஸ் சங்கிலிப்பாண்டி. ஆயுசில் ரயில் ஏறாத மனிதர்.

அவரிடம்தான் ஜோயல் இப்போது டோக்கன் கிழிக்கிறான். வீடியோ எடுப்பதெல்லாம் நின்றுபோயிற்று. ஸ்டாண்டைச் சுற்றித் தகரம் அடித்திருப்பதால் பிளாட்பாரம் தெரியாது. கிறிஸ்டோ வேலையில் சேர்ந்து இந்தத் தடத்திலேயே வருகிறான். ஸ்டாண்டைத் தாண்டும்போது அண்ணனுக்காக ஹாரனைக் கொஞ்சம் நீட்டி அடிப்பான். நல்ல பையன், மரியாதைக்குத்தான் செய்கிறான். ஒருநாள் நான் பைக்கை எடுக்க நின்றபோது அந்த ஹாரன் கேட்டது.

"யாருன்னு தெரியுதாலே?" என்றேன்.

"தெரியல அண்ணாச்சி" என்று டோக்கனை வாங்கிக்கொண்டான். எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

சாயங்காலம் ராஜபாளையம் திரும்புவதற்கு அந்த வாசலிலேயே ரயில் இருக்கிறது. அவன் பஸ் ஸ்டாண்ட் வரை நடந்துபோய் பஸ் ஏறுகிறான். பஸ் நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. அவன் வீட்டுப் படி ஏறவும், ரெனிட்டா இருமிக்கொண்டே மில்லுக்கு இறங்கவும் சரியாக இருக்கிறது.