பழைய படத்தில் பெரியப்பா

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது மரக்காணம் உப்பளத்தில் சினிமா எடுக்க வந்தார்கள். புதுக்கதை இல்லை. இருபது வருடத்துக்கு முன்பு இதே உப்பளத்தில் எடுத்து நன்றாக ஓடிய ஒரு படத்தைத்தான் புது நடிகர்களை வைத்துத் திரும்ப எடுத்தார்கள்.

அந்தப் பழைய படத்தில் என் பெரியப்பா இருந்தார். அப்போது அவருக்குக் கல்யாணமான புதிது. கதாநாயகி பாடிக்கொண்டு வரப்பில் ஓடும்போது, பின்னால் உப்புக்கூடை சுமந்து போகிற பத்துப் பேரில் ஒருவர். கேமராவைப் பார்க்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். நான் பிறப்பதற்கு முன்பே மஞ்சள்காமாலையில் போய்விட்டதால், எனக்குத் தெரிந்த பெரியப்பா அவ்வளவுதான். வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. அந்தப் படத்தை டிவியில் போட்டால் பெரியம்மா எங்களை விலக்கிவிட்டு முன்னால் போய் உட்காருவாள். அந்தப் பாட்டு முடிந்ததும் எழுந்துவிடுவாள். மிச்சக் கதை அவளுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

படப்பிடிப்புக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். பெரியம்மாவுக்கு ஒரு கூடை. கதாநாயகி பக்கத்தில் ஓட என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

உதவி டைரக்டர் எங்களை வரிசையில் நிறுத்தியபோது பெரியம்மா கேட்டாள்.

“ஏம்பா, இந்தப் படம் வந்துட்டா பழச டிவியில போடுவாங்களா?”

“அத இனிமே யாரும்மா பாப்பாங்க? அதே பாட்டு, அதே இடம், எல்லாத்தயும் புதுசா எடுக்கறோமே.”

“பின்னால கூடை தூக்கினு போறவங்களயுமா?”

“எல்லாரயும்தாம்மா.”

ஒத்திகை நடந்தது. பெரியப்பா நடந்த இடத்தில் வேறொரு வாலிபன் கூடையோடு நடந்தான். சொன்ன பேச்சைக் கேட்கிறவன். கேமரா பக்கம் திரும்பவே இல்லை. பெரியம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

“வா, போலாம்.”

மாட்டேன் என்றேன். அழுதேன். அவள் கையைக் கடித்துக்கூடப் பார்த்தேன். விடவில்லை. தார்ரோடு வரைக்கும் இழுத்துக்கொண்டே வந்தாள். திரும்பிப் பார்த்தால், என் இடத்தில் பக்கத்து ஊரான அனுமந்தையிலிருந்து வந்த ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

“உனக்குப் பொறாம,” என்றேன் பெரியம்மாவிடம்.

அவள் பிடியை விடாமல் வீட்டைப் பார்த்து நடந்தாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் அவளோடு பேசவில்லை.

புதுப்படம் வந்து ஓடியது. அந்த உதவி டைரக்டர் சொன்னபடிதான் ஆயிற்று. டிவியில் அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். பழையதைக் காணவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பெரியம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து, “இன்னிக்கு இன்னா படம்?” என்று கேட்பாள். நான் பெயரைச் சொல்வேன். “சரி,” என்று திரும்பிப் போய்விடுவாள். அடுத்த ஞாயிறும் வந்து கேட்பாள். இவளுக்குச் சினிமாப் பைத்தியம் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இன்றைக்கு அவர் வருவாரா என்றுதான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.