கழுத்தில் ஒரு முனை, ஊசியில் ஒரு முனை

செங்கல்பட்டு வெயிலில் உட்கார்ந்து கம்பளி நூலில் கழுத்துத் துணி பின்னிய ஒரே அரசு ஊழியன் நானாகத்தான் இருப்பேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பின்னியதில் பாதியைப் பிரித்தேன்; மீதியையும் பிரித்திருக்க வேண்டும்.

இரண்டாயிரங்களின் நடுவில் என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல் நின்றுபோயின. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வீடு மாமல்லபுரத்தில், மருத்துவமனை செங்கல்பட்டில். காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் ஏறினால் எட்டு மணிக்கு அவளை இயந்திரத்தில் போடுவார்கள், பன்னிரண்டுக்குக் கழற்றுவார்கள். என் அலுவலகமும் செங்கல்பட்டில்தான். நில அளவைப் பிரிவில் வரைவாளன். அந்த நாட்களில் மத்தியானத்துக்கு மேல்தான் போவேன். யாரும் எதுவும் கேட்டதில்லை. வியாதிக்கு அலுவலகங்களில் ஒரு மரியாதை உண்டு, அது உழைப்புக்குக் கிடையாது.

வெளியே தார் உருகும். உள்ளே அவள் பல் கிட்டிப்போய்க் கிடப்பாள். இயந்திரங்களுக்காக வைத்த ஏசி ஒரு பக்கம். உடம்பைவிட்டு வெளியே போய்க் குளிர்ந்து திரும்பும் ரத்தம் இன்னொரு பக்கம். மருத்துவமனைப் போர்வையில் முந்தைய ஆளின் வாடை அடிக்கும். வீட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்தால் குழாய் பொருத்திய இடது கை மறைந்துவிடும். நர்ஸ் வந்து திட்டுவார், கை எப்போதும் கண்ணில் தெரிய வேண்டும். ஆக, குளிர் வந்து உட்கார மிஞ்சிய இடம் கழுத்து.

"மஃப்ளர் ஒண்ணு வாங்கிடவா?" என்று கேட்டேன்.

"மஃப்ளர் வாட்ச்மேன் போடுறது. நான் ஸ்கார்ஃப் போட்டுக்குறேன்" என்றாள்.

அவள் திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள்; அவர்கள் கற்றுக்கொடுத்தவற்றில் இலக்கணமும் கம்பளிப் பின்னலும் கடைசிவரை நின்றன. எங்கள் தெருமுனையில், வெளிநாட்டுக்காரர்களை நம்பி நடந்த பிரவுசிங் சென்டர் ஒன்றில் அவள் ஒரு பின்னல் குழுவைக் கண்டுபிடித்திருந்தாள். உலகத்தின் எங்கெங்கோ குளிர்நாடுகளில் இருக்கும் பெண்கள் முப்பது நாற்பது பேர் எல்லாரும் ஒரே ஸ்கார்ஃபை, அவரவர் வீட்டில், ஒரே சமயத்தில் பின்னுவார்கள். மொத்தம் எட்டுப் பகுதி. சனிக்கிழமைதோறும் குழுத் தலைவி ஒரு பகுதியை வெளியிடுவார்; பகுதிக்கு ஒரு புதுப் பின்னல். அடுத்த வாரம் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. கட்டம் கட்டமாக வரைபடம் இருக்கும். சந்தேகம் கேட்கலாம், படம் போடலாம், ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ளலாம். பாராட்டு அங்கே தண்ணீர் பட்ட பாடு.

முதல் இரண்டு பகுதியை அவளே போட்டாள். செங்கல்பட்டு ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய கத்தரிப்பூ நிற நூல். மூன்றாவது பகுதிக்குள் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. ஊசி கையிலிருந்து விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. தரையில் சத்தம் கேட்டுத்தான் குனிந்து பார்த்தாள்.

"நீங்க போடுங்க" என்றாள்.

"எனக்கு என்ன தெரியும்?"

"ஊரான் நிலத்தையெல்லாம் கட்டம் போட்டு வரையத் தெரியுதுல்ல? இதுவும் கட்டந்தான்."

"குழுவுல என்ன சொல்லுவ?"

"ஒண்ணும் சொல்லப் போறதில்ல. என் பேர்லயே எழுதுங்க. ஒடம்பு சரியில்லன்னு மட்டும் எழுதாதீங்க."

"ஆறுதலா நாலு வார்த்தை எழுதுவாங்களே."

"அதான் வேணாம். எதிர்வூட்டுலேர்ந்து பால்காரர் வரைக்கும் ரத்தத்துல கிரியாட்டினின் எவ்வளவுன்னு கேக்குறாங்க. அங்க ஒரு எடத்துலதான் நூல் என்ன கலர்னு கேக்குறாங்க."

அதன்பின் சனிக்கிழமை சாயங்காலம் பிரவுசிங் சென்டரில் அவள் பெயரில் நுழைந்து, அவள் சொல்லியனுப்பியதைத் தட்டச்சு செய்து, புதுப் பகுதியை அச்செடுத்து வருவது என் வேலையாயிற்று. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "கலரா, ப்ளாக் அண்ட் ஒயிட்டா சார்?" கலரில் எடுத்தால் மை ஒழுகும். ப்ளாக் அண்ட் ஒயிட் என்பேன். வரைபடப் பக்கத்தை மட்டும் எடுப்பேன். அதற்கு முன் நான்கு பக்கம் குறிப்பு இருக்கும். குறிப்பைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்ப்பது கற்றுக்குட்டிகளின் வழக்கம் என்பது எங்கள் துறையில் பொதுவான அபிப்பிராயம்.

உலக இலக்கியத்தில் நோய்ப்படுக்கைகளுக்குக் குறைவில்லை, கணிசமாகப் படித்திருக்கிறேன். எந்தப் படுக்கையின் பக்கத்திலும் ஒரு கணவன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஊசியில் ஏறிய இரண்டு நூல் கண்ணிகளை ஒன்றாக்கிக்கொண்டிருந்ததாக ஞாபகம் இல்லை. மூன்றாவது பகுதி இலைப் பின்னல். ஓரிடத்தில் இரண்டு கண்ணியை ஒன்றாக்க வேண்டும். அதற்கு ஈடாக இன்னோரிடத்தில் நூலைச் சும்மா ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிப் புதுக் கண்ணி உண்டாக்க வேண்டும். எண்ணிக்கை மாறாது, ஓட்டைகள் மட்டும் சாய்வாக வரிசை கட்டும். அப்படி வரிசை கட்டி இலை வர வேண்டும்.

அடுத்த கட்டிலில் கடப்பாக்கத்து மீனவர் ஒருவர். எங்கள் வயதுதான். கடலுக்குப் போவது நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டிலிருந்தபடி கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்து வந்தார். என் மனைவியைத் தங்கச்சி என்பார்.

"இன்னா சார் இது, எந்த மீனுக்கு வலை?" என்றார் முதல் நாள்.

"இலைங்க. இலை வரணும்."

அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி, இது இலையா?"

அவள் கண்ணைத் திறந்தாள். "நெத்திலி" என்றாள். "காஞ்ச நெத்திலி."

அப்படித்தான் இருந்தது. முள்முள்ளாக, திசையில்லாமல். மூன்று வாரம் அதையே பின்னினேன். கட்டங்களை எண்ணினேன், சரியாக இருந்தது. குழுவில் அவள் பெயரில் படம் போட்டுக் கேட்டேன். பத்துப் பேர் அன்பாகப் பதில் எழுதியிருந்தார்கள்: முதல் முறை எல்லாருக்கும் இப்படித்தான், மனம் தளராதே தோழி.

அச்செடுத்த பதில்களைப் படித்துக்காட்டியதும் அவளுக்குக் கோபம் வந்தது. "முதல் முறையாமா? நான் பதினொரு வயசுல போட்ட பின்னல் இது. நீங்க பண்ற தப்புக்கு என் மானம் போகுது."

கண்டுபிடித்தது மீனவர்தான். நான்கு மணி நேரம் மல்லாந்து கிடப்பவருக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது?

"சார், ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. ஒரு வரிசை முடிஞ்சா துணியத் திருப்பிக்கினே கீறீங்க. காயிதம் மட்டும் அப்டியே கீது. அது திரும்ப வேணாமா?"

துணியையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பின்னலில் ஒரு வரிசையை முன்பக்கத்திலிருந்து போடுகிறோம், அடுத்ததைப் பின்பக்கத்திலிருந்து. அதனால் வரைபடத்தை ஒரு வரிசை வலமிருந்து இடம், மறு வரிசை இடமிருந்து வலம் என்று மாற்றி மாற்றிப் படிக்க வேண்டும். நானோ இருபத்திரண்டு வருட சர்வீஸில் வடக்கை மேலே வைத்தே பழகியவன். அளப்பவன் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் வரைபடத்தில் வடக்கு மேலேதான். நிலம் திரும்பாது. கம்பளி திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தார்கள், அச்செடுக்காத நான்கு பக்கத்தில்.

"அவுத்துடுங்க" என்றாள் மனைவி.

"எல்லாத்தையுமா?"

"நெத்திலி மொத்தத்தையும். என் ரெண்டு பகுதியில கை வச்சீங்க, நடக்குறதே வேற."

அவள் போட்ட பகுதிக்குள் பிரிந்து ஓடிவிடாமல் இருக்க என்ன செய்வது என்று குழுவில் கேட்டேன். எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் குறுக்கே ஒரு தனி நூலை ஓட்டி வை, பிரித்தால் அந்த வரிசையோடு நிற்கும் என்றார்கள். பஞ்சு நூலை ஓட்டினேன், கம்பளியோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த முறை மீனவரின் மனைவி வலைக்குப் போடும் நைலான் நூல் ஒரு கண்டு கொண்டுவந்து கொடுத்தார். வழவழவென்று ஓடிற்று. அதுமுதல் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் நைலான் ஒன்று குறுக்கே இருக்கும்; பகுதி சரியாக முடிந்தால் உருவிவிடுவேன்.

பிறகு கொஞ்சம் வேகம் வந்தது. நான்காவது பகுதியில் கயிறு முறுக்கு: மூன்று கண்ணியைத் தனியே ஒதுக்கி முன்னால் தொங்கவிட்டு, அடுத்த மூன்றைப் போட்டபின் அதைப் பின்ன வேண்டும். ஒதுக்கி வைக்க அலுவலகப் பென்சில் பயன்பட்டது. அரசுச் சொத்தை நான் தவறாகப் பயன்படுத்திய ஒரே சந்தர்ப்பம் என்று எழுதலாம், எழுதினால் பொய். ஐந்தாவது பகுதி தேன்கூடு. நீளம் கூடக்கூட அவள் பொறுமை இழந்தாள்.

"எட்டும் முடிஞ்சாதான் போட்டுக்கணுமா? குளுரு எட்டு வாரம் காத்துக்கினு இருக்குமா?"

முடிந்த முனையை அவள் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். மறுமுனை ஊசியோடு என் மடியில். அன்றிலிருந்து அப்படித்தான். அவளுக்கு ஒரு பக்கம் ரத்தக் குழாய், மறு பக்கம் நான். வேகமாக நூலை இழுத்தால் கழுத்து இறுகும். "கொல்லப் பாக்குறாருண்ணா" என்று அடுத்த கட்டிலில் புகார் செய்வாள். "வலையில மாட்டிக்கினா அவ்ளோதான் தங்கச்சி" என்பார் அவர். நர்ஸ் சிரிப்பார். நான்கு மணி நேரத்தில் அந்த அரை நிமிடம் நன்றாக இருக்கும். அப்புறம் அவளுக்குத் தசை பிடித்துக்கொள்ளும், முகம் வெளுக்கும், நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் காலைப் பிடித்துவிடுவேன்.

"முடிச்சிடுங்க" என்று ஒரு சனிக்கிழமை சொன்னாள். "பாதியில விட்டா அவங்க விசாரிப்பாங்க." அவங்க என்றால் குழு.

ஆறாவது பகுதி குமிழ். ஒரே கண்ணியில் ஐந்து கண்ணி வளர்த்து, திரும்பி, மறுபடி ஐந்தையும் ஒன்றாக்க வேண்டும். அதன் தொடக்கத்தில் நைலானை ஓட்டியதோடு அன்றைக்கு நேரம் முடிந்துவிட்டது.

சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இரண்டு நாள். இயந்திரத்தை நம்பி இருப்பவர்களுக்கு வாரத்தில் அதுதான் நீளமான இடைவெளி. திங்கட்கிழமை மத்தியானம் அலுவலகத்துக்குப் போன் வந்தது, எதிர்வீட்டிலிருந்து. சமையலறையில் விழுந்துவிட்டாள் என்றார்கள். எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நீங்க வாங்க சார் என்றார்கள். அதற்கு அர்த்தம் புரியாத அளவுக்கு நான் குறைவாகப் படித்தவன் இல்லை. திருக்கழுக்குன்றத்தில் பேருந்து பத்து நிமிடம் நின்றது. ஓட்டுநர் இறங்கி டீ குடித்தார். நானும் ஒன்று குடித்தேன். ஏன் குடித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மருத்துவமனைப் பையைத் திறந்த உறவினர் ஒருவர் ஊசியோடு அதை எடுத்துப் பார்த்து, "இது எந்தக் கொழந்தைக்கு?" என்று கேட்டார். எங்களுக்குக் குழந்தை இல்லை. வாங்கி உள்ளே வைத்தேன்.

காரியம் முடிந்தபின் வந்த சனிக்கிழமை, குழுவுக்குச் சொல்லிவிடலாம் என்று பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அவள் பெயருக்குத் தலைவியின் செய்தி காத்திருந்தது: "உன்னைக் காணோமே, குமிழில் மாட்டிக்கொண்டாயா?" பதில் அடிக்கத் தொடங்கினேன். 'என் மனைவி' என்று இரண்டு சொல் அடித்ததும் கை நின்றது. அந்தக் குழுவில் எனக்கு மனைவி கிடையாது. நானே கிடையாது. இருப்பது அவள் மட்டும், கத்தரிப்பூ நூலோடு, ஒரு வியாதியும் இல்லாமல். இரண்டு சொல்லையும் அழித்தேன். "ஆமாம், குமிழில்தான்" என்று அடித்தேன்.

கடைக்காரர் எங்கள் வீட்டுச் சாவுக்கு வந்தவர். என் பின்னால் நின்றிருந்தார். திரையில் அவள் பெயரைப் பார்த்திருப்பார். "பிரிண்ட் வேணுமா சார்? ப்ளாக் அண்ட் ஒயிட்தான?" என்றார்.

ஆறு, ஏழு, எட்டு. வீட்டில் உட்கார்ந்து முடித்தேன். சந்தேகம் கேட்டேன், சொல்லிக்கொடுத்தார்கள். குமிழ்கள் பெரியம்மை போட்டதுபோல வந்தன. பிரிக்கச் சொல்ல ஆள் இல்லாததால் அப்படியே விட்டேன். மற்ற பகுதிகளின் நைலானை உருவியவன் ஆறாவதன் நூலை மட்டும் உருவவில்லை.

மிச்சமிருந்த ஊசி மருந்துகளைத் திருப்பிக் கொடுக்க மருத்துவமனைக்குப் போனேன். மீனவர் அதே கட்டிலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் வலது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்றிருந்தது. பையிலிருந்து அதை எடுத்து அவர் கழுத்தில் சுற்றினேன்.

"தங்கச்சிதா?"

"ஆமா."

கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சார், நடுவுல இன்னாமோ குத்துது. நம்ம நைலான் போல கீது. உருவிடவா?"

"இருக்கட்டுங்க."

"கீட்டும், கீட்டும்" என்றார்.

முடித்தவர்கள் அணிந்து படம் போட வேண்டும் என்பது குழுவின் வழக்கம். அலுவலக நண்பரின் கேமராவை வாங்கிப்போய் மீனவரின் கழுத்தை மட்டும் எடுத்தேன். நரைத்த தாடி தெரியாமல் துணியைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டேன். இந்த நிறம் உன் கழுத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றிய முதல் விஷயம் அது. சொல்ல முடியாது என்று தோன்ற இரண்டு நொடி ஆயிற்று.

அடுத்தது கையுறை, உன் பெயரைச் சேர்க்கட்டுமா என்று தலைவி கேட்டிருந்தார். வேண்டாம், இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், எல்லாவற்றுக்கும் நன்றி என்று எழுதினேன். அடுத்த சனிக்கிழமை பதில் வந்திருந்தது. நான்கே வரி. நீ கேட்ட கேள்விகளால் நாங்களும் கற்றோம், உன் இடம் காலியாகத்தான் இருக்கும், உன்னைத் தேடுவோம், நன்றாக இரு. அவள் போனதற்கு எனக்கு நிறைய இரங்கல் கடிதங்கள் வந்தன. எல்லாவற்றிலும் வியாதியைப் பற்றித்தான் இருந்தது. இதில் இல்லை. எழுதியவருக்கு இது இரங்கல் கடிதம் என்றே தெரியாது.

அச்செடுக்கச் சொன்னேன்.

"கலரா, ப்ளாக் அண்ட் ஒயிட்டா சார்?"

எழுத்து மட்டும்தான், ப்ளாக் அண்ட் ஒயிட்டே போதும் என்றேன்.