அப்பா இறங்கிக்கொண்ட வளைவு

எங்கள் அப்பா பயந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அது கடலில் இல்லை. ஏற்காட்டுக்குப் போகிற மலைப்பாதையில், ஒரு பஸ்ஸுக்குள். 

ஐம்பதுகளின் நடுவில் ஒரு புரட்டாசி மாதம். எனக்குப் பதினேழோ பதினெட்டோ வயது. மகாபலிபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் எங்களுடையது. அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு கட்டுமரம் இருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், கருவாடு ஏற்ற வந்த லாரியின் டிரைவரோடு என் அக்கா அதே லாரியில் ஏறிப் போய்விட்டாள். அவர் ஏற்காட்டுக்காரர். "அவள தல முழுவிட்டேன்" என்றார் அப்பா. சொன்னதோடு நிற்காமல் கடலில் இறங்கி நிஜமாகவே தலை முழுகினார். ஊரே கரையில் நின்று பார்த்தது. அப்பா ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். அதைப் பிடிவாதம் என்று அம்மா சொல்வாள், வீரம் என்று அவர் சொல்வார். நான் இரண்டும் சொல்லமாட்டேன், அடி விழும்.

பிறகு கருவாட்டு வியாபாரி ஒருவர் மூலம் சேதி வந்தது. அக்காவுக்கு ஆண் குழந்தை. ஆனால் பால் சுரக்கவில்லை, குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறா கொடுப்பது எங்கள் வழக்கம். எங்கள் குப்பத்தில் அதற்கு ஒரு முறையும் உண்டு. பெற்ற தகப்பன் பிடித்து, தகப்பன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பினால் உனக்குத் தாய்வீடு இல்லை என்று அர்த்தம். அம்மா இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லவே இல்லை. வாயே திறக்காமல் இரண்டு நாள் சோறு மட்டும் போட்டாள். மூன்றாம் நாள் அப்பா கரைக்கு வந்தபோது கட்டுமரத்தில் பால்சுறா கிடந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அம்மா ஒன்றும் கேட்காமல் உப்புப் பானையை எடுத்து வந்தாள்.

காய்ந்த சுறாவை ஓலைப்பாயில் சுற்றிக் கயிறு கட்டினார் அப்பா. அம்மாவுக்குக் கால் வீக்கம், அதனால் துணைக்கு நான். நாங்கள் வரும் நாளை வியாபாரியிடமே அக்காவுக்குச் சொல்லியனுப்பினோம். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு, அங்கிருந்து விழுப்புரம், அப்புறம் சேலம் என்று பஸ் மாறி மாறிப் போனோம். வழியெல்லாம் யாராவது மூக்கைப் பொத்தினார்கள். "இன்னா, சோத்துல உப்பு போட்டுத் துன்றதில்லியா நீங்க?" என்று அப்பா கேட்பார். அவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சேலத்தில் மலை பஸ் கண்டக்டர் மட்டும் மசியவில்லை. "பெரியவரே, அது மேலே போகட்டும். இல்லேன்னா நீங்களும் மேலே போங்க" என்று பாய்ச்சுருட்டை வாங்கி பஸ் கூரையில் போட்டுவிட்டார்.

அடிவாரத்தில் பஸ்ஸில் இருந்த ஒரு அம்மாள் எனக்கு எலுமிச்சம்பழம் கொடுத்து, மலை ஏறும்போது குமட்டும், மோந்துகொள் என்றாள். அப்பாவுக்கும் ஒன்று நீட்டினாள். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அலை மேல பொழப்பு நடத்தறவன்மா நான். எனுக்கு எலுமிச்சம்பயமா?"

முதல் இரண்டு வளைவு வரைக்கும் அந்தச் சிரிப்பு இருந்தது. பஸ் முக்கி முனகி ஏறியது. அப்புறம் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. கீழே மரங்களின் உச்சி தெரிந்தது. மரத்தின் உச்சியை மேலிருந்து பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.  அப்பாவின் கையைப் பிடிக்கத் திரும்பினேன். அவர் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், நரம்பு புடைத்திருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. புயலில் கட்டுமரம் கவிழ்ந்து, விடிய விடியக் கட்டையைப் பிடித்துக் கிடந்துவிட்டு வந்து, கரையேறியதும் பீடி கேட்ட மனிதர் அவர்.

அடுத்த கொண்டை ஊசி வளைவில் பஸ் பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்தது. வளைவில் எல்லா பஸ்ஸும் கொஞ்சம் சாயத்தான் செய்யும். அப்பாவுக்கு அது தெரியாது. கட்டுமரம் ஒரு பக்கம் சாய்ந்தால் எல்லாரும் மறு பக்கம் தாவிப் பாரம் கொடுக்க வேண்டும், தாமதித்தால் கவிழ்ந்துவிடும். அவருக்குத் தெரிந்தது அதுதான். எழுந்து மலைப் பக்கத்துச் சீட்டின்மேல் தாவினார்.

"சாயுது! எல்லாரும் இந்தாண்ட வாங்க! பாரத்த மாத்து!"

நடுக்கடலில் காற்றை மீறிக் கேட்க வேண்டிய குரல் அது. பஸ்ஸுக்குள் போட்டால் எப்படி இருக்கும்? என்ன ஏது என்று யாரும் யோசிக்கவில்லை. பாதி ஜனம் அலறிக்கொண்டு இந்தப் பக்கம் பாய்ந்தது. கூடையோடு ஒருவர் டிரைவர்மேல் போய் விழுந்தார். என்ஜின் நின்றது. பஸ் பின்னால் உருண்டது. அந்த ஓட்டத்தை நான் காலுக்கடியில் உணர்ந்தேன். அவ்வளவுதான், செத்தோம் என்று நினைத்தேன்.

கிளீனர் குதித்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டார். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.  அப்புறம் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள், எல்லாம் அப்பாவைத்தான்.

"இந்த ஆளு இறங்கினாத்தான் வண்டியை எடுப்பேன்" என்றார் டிரைவர். 

அப்பா அவரை அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். யாராவது ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் துடுப்பைத் தூக்குகிற ஆள். அவரோ தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார். பஸ் உருண்டதைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை. நானும் பின்னாலேயே இறங்கினேன்.

"நீ ஏறு. நான் நடந்து வரேன்" என்றார்.

"நானும் நடக்கறேம்பா."

"அவ வண்டியப் பாத்துகினு நின்னுகினு இருப்பா. யாருமே எறங்கலேன்னா இன்னா நெனப்பா? போமே."

பஸ் கிளம்பியது. அடுத்த வளைவு ஏறியதும் ஜன்னல் வழியாகக் கீழே அந்தப் பாதை தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். அப்பாவின் வெள்ளை வேட்டி தெரிந்தது. அவர் மேலே வரவில்லை. கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தார், வேகமாக.

"ஊர் பக்கம் திரும்பிட்டார், புத்திசாலி" என்றாள் எலுமிச்சம்பழம் கொடுத்த அம்மாள். அந்தப் பழத்தை அவள் தலையிலேயே அடிக்கலாம் போல இருந்தது எனக்கு.

ஏற்காட்டில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கம்பளிக் குல்லா போட்ட குழந்தை தோளில் கிடந்தது. என்னைக் கட்டிக்கொண்டாள், ஆனால் கண் பஸ் வாசலிலேயே இருந்தது. கடைசி ஆளும் இறங்கினார். கூரைமேல் ஏறிப் பார்த்த கிளீனர் பாய்ச்சுருட்டு எதுவும் இல்லை என்று கையை விரித்தார்.  ஒன்றையும் மறைக்காமல் அக்காவிடம் சொன்னேன்.

அக்கா திட்டுவாள், அழுவாள் என்று பார்த்தேன். அவள் சிரித்தாள். "பாதி மலை வரிக்கும் வந்தாரேடி. அதுவே பெருசு."

அந்தச் சிரிப்பு என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு அறை கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாமா லோடு ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தார், மறுநாள்தான் வருவார். அவர்கள் வீடு சரிவில் இருந்தது. உள்ளே போனதும் குழந்தை அழ ஆரம்பித்தது. அக்கா மாரில் போட்டுப் பார்த்தாள். சப்பிப் பார்த்துவிட்டு அது வீறிட்டது. பசும்பாலில் தண்ணீர் விட்டுச் சங்கில் புகட்டினாள், பாதி வழிந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா இந்நேரம் சேலம் பஸ் ஸ்டாண்டில் பீடி குடித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்க நினைக்க எரிந்தது. இப்படிப் பாதியில் திரும்புவதற்கு வராமலே இருந்திருக்கலாம்.

பொழுது சாயும் நேரம். வெளியே ஒரே பனிமூட்டம். கதவை யாரோ தட்டினார்கள். அக்கா குழந்தையோடு போய்த் திறந்தாள்.

அப்பா நின்றார். தலையில் பாய்ச்சுருட்டு. ஒரு முனை கிழிந்து சுறாவின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேட்டி முழுக்கச் சேறு. அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"வண்டி குலுங்கசொல்ல பொட்டலம் கீய வுழுந்துட்சி. பின்னால போயி எடுத்தாந்தேன். ஒரு துண்டு நாயி இழுத்துகினு பூட்சி. அத்தத் தொரத்திகினு போனதுல நேரமாய்ட்சி" என்றார். பிறகு சுருட்டை இறக்கி அக்கா காலடியில் வைத்தார். "பால் இல்லேன்னாங்க. வெறுங்கையோட எப்டிமே வர்றது? இந்தா, கொயம்பு வெய்யி."

 அக்கா குழந்தையை அவரிடம் நீட்டினாள். அப்பா சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"வாணாம்மே. கையெல்லாம் ரத்தம்."

நான் அவர் கைகளை இழுத்து விரித்துப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் கிழிந்திருந்தன. வலை வடம் இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கைகள், கத்தி பட்டால்கூட லேசில் கிழியாது. பள்ளத்தைப் பார்க்கப் பயந்து, மலைப் பாறையைப் பிடித்துக்கொண்டே ஏறியிருக்கிறார். வளைவுக்கு வளைவு பாறை பக்கம் மாறும், அவரும் கை மாற்றி மாற்றிப் பிடித்து அத்தனை தூரமும் வந்திருக்கிறார்.

அக்கா அதையெல்லாம் கேட்கவில்லை. குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டாள். அப்பா கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டார், கட்டுமரத்தில் நிற்கிற மாதிரி.